துய்ப்பும் உடைமையும்: கேபிளைக் கைவிட்ட வீடு எழுப்பும் அறக்கேள்வி

கேள்வியின் இடம்

ஒரு பொருளைத் துய்ப்பதற்கும் அதை உடைமையாகக் கொள்வதற்கும் இடையே உள்ள உறவு யாது என்னும் கேள்வி சமயச் சிந்தனையில் மிகப் பழையது. உடைமை இல்லாமல் துய்க்க இயலுமா, உடைமையைத் துறந்தவர் பற்றையும் துறந்தவர் ஆவாரா, பிறர் அனுமதியால் மட்டும் துய்ப்பவரின் நிலை விடுதலையா அடிமையா என்றெல்லாம் சமண ஆசாரியர்களும் ஐரோப்பிய நடுக்காலக் கிறித்தவத் துறவியரும் நுணுகி ஆராய்ந்திருக்கிறார்கள். மடங்களின் சுவர்களுக்குள் அடங்கியதாகத் தோன்றிய அக்கேள்வி இன்று இல்லறத்தாரின் வீட்டுக் கூடத்திற்குள், அதுவும் தொலைக்காட்சிப் பெட்டியின் வழியே, நுழைந்திருக்கிறது.

அமெரிக்காவில் கடந்த பல ஆண்டுகளாக இலட்சக்கணக்கான குடும்பங்கள் மாதக் கட்டணம் செலுத்திப் பெற்றுவந்த கேபிள், செயற்கைக்கோள் இணைப்புகளைத் துண்டித்து வருகின்றன. அவற்றின் இடத்தை மூன்று ஏற்பாடுகள் நிரப்புகின்றன. முதலாவது ஸ்ட்ரீமிங்: படமோ தொடரோ நிறுவனத்தின் கணினிகளிலேயே இருக்க, அதன் தரவு இணையத்தின் வழியே இடையறாது வந்து திரையில் ஓடி, பார்த்து முடிந்ததும் வீட்டில் எதையும் விட்டுவைக்காமல் மறைந்துவிடும் முறை இது, தமிழ்நாட்டில் ஓடிடி என்று சொல்லப்படுவது இதுவே. இரண்டாவது ஆன்டெனா: நிலையங்கள் கோபுரங்களிலிருந்து வானில் பரப்பும் அலைகளை வீட்டுக் கூரையிலோ சன்னலோரத்திலோ பொருத்திய கருவியால் கட்டணமின்றி வாங்கிக்கொள்ளுதல். மூன்றாவது வீட்டு மீடியா சர்வர்: குடும்பத்தார் விலைக்கு வாங்கிய குறுவட்டுகளின் படங்களையும் ஆன்டெனா வழியே பதிந்த நிகழ்ச்சிகளையும் ஹார்டு டிஸ்கில் சேமித்து, வீட்டின் எல்லாத் திரைகளுக்கும் வழங்கும் கணினி.

இம்மாற்றத்தைப் பலர் செலவுக் கணக்காகவே பார்க்கிறார்கள். குடும்பத்தின் பணம் எளிதில் ஒதுக்கத்தக்க செய்தி அன்று என்பதால் அக்கணக்கு தேவையானதே. ஆயினும் இம்மூன்று ஏற்பாடுகளும் பொருளோடு மனிதர் கொள்ளும் மூன்று வேறு உறவுகளின் வடிவங்களாகவும் இருக்கின்றன. ஸ்ட்ரீமிங் அனுமதியின்பாற்பட்டது, ஆன்டெனா பொதுமையின்பாற்பட்டது, சர்வர் உடைமையின்பாற்பட்டது. இவற்றுள் எது ஒருவரை விடுவிக்கிறது, எது கட்டுகிறது என்பது விலைப்பட்டியலால் விடை காண இயலாத கேள்வி.

பொதுவில் பிறந்த கட்டணம்

கட்டணத் தொலைக்காட்சியின் பிறப்பே இக்கேள்விக்கு நல்ல முன்னுரையாக அமைகிறது. தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. இடையில் மலை நின்றால் மறுபுறத்துப் பள்ளத்தாக்கிற்கு அவை போதிய வலுவுடன் சென்று சேர்வதில்லை. ஆதலால் 1940களின் இறுதியில் பென்சில்வேனியா, ஆரெகன், ஆர்கன்சா மாநிலங்களின் சிற்றூர்களில் உயரமான ஓரிடத்தில் ஒரே பெரிய ஆன்டெனாவை நிறுத்தி, அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி இழுத்தார்கள். அதன் பெயரே ‘சமுதாய ஆன்டெனாத் தொலைக்காட்சி’ என்பதாகும். அன்று ஊரார் கொடுத்த பணம் நிகழ்ச்சிக்கு உரிய விலையாக இல்லை. எல்லோருக்கும் உரியதாக வானில் உலவிய ஒன்றைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்த கம்பிக்கும் உழைப்புக்கும் உரிய கூலியாக இருந்தது.

1972 நவம்பர் 8 அன்று அதே பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரி நகரில் எச்பிஓ தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. கம்பி வழியே, கூடுதல் மாதக் கட்டணம் செலுத்துவோருக்கு மட்டும் படங்களைக் காட்டும் முறை அங்கிருந்து வளர்ந்தது. கொண்டுசேர்க்கும் பணிக்கான கூலி, காணும் உரிமைக்கான விலையாக உருமாறிய திருப்பம் இது. காலப்போக்கில் கேபிள் வீட்டார் தாம் விரும்பும் ஓர் அலைவரிசைக்காக விரும்பாத பலவற்றையும் சேர்த்து வாங்க நேர்ந்தது. கட்டுக்கட்டாக விற்கப்பட்ட அந்தத் தொகுப்புகளின் மீதான சலிப்பே பிற்காலத் துண்டிப்புக்குப் பெருங்காரணங்களுள் ஒன்றாயிற்று. துண்டித்தவர்களுள் பெரும்பாலோர் சென்றடைந்தது ஸ்ட்ரீமிங்கையே. அவர்கள் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குச் சென்றார்கள் என்பதை அறிய நடுக்காலத்து விவாதம் ஒன்று பெரிதும் துணைசெய்கிறது.

அசிசியின் துறவியரும் வெறும் பயன்பாடும்

அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் 1226இல் மறைந்தார். அவருடைய சபைக்கென 1223இல் ஒப்புதல் பெற்ற ஒழுங்குமுறை, சகோதரர்கள் வீடு, இடம், பொருள் எதையும் தமதாக்கிக்கொள்ளலாகாது என விதித்தது. விதி தெளிவானது, வாழ்க்கை அவ்வளவு தெளிவாக அமையவில்லை. துறவியரும் உண்ண வேண்டும், உடுக்க வேண்டும், ஓரிடத்தில் உறங்க வேண்டும். தமதல்லாத அப்பத்தை அவர்கள் எந்த உரிமையால் உண்கிறார்கள் என்ற வினா எழுந்தது.

1279இல் திருத்தந்தை மூன்றாம் நிக்கோலஸ் வெளியிட்ட ஆணை இதற்கு ஒரு விடை அளித்தது. பொருளோடு கொள்ளத்தக்க உறவுகளை அவ்வாணை ஐந்தாகப் பிரித்தது: உடைமை, கைவசம், விளைபயன் உரிமை, பயன்படுத்தும் உரிமை, எவ்வுரிமையும் கலவாத வெறும் பயன்பாடு. முதல் நான்கையும் துறவியர் விட்டுவிடுகிறார்கள். ஐந்தாவது மட்டும் அவர்களிடம் எஞ்சுகிறது. அவர்கள் பயன்படுத்தும் பொருள்களின் உடைமை திருச்சபைத் தலைமையிடம் இருக்கிறது என்பதே அந்த விடை. சபையின் சட்ட அறிஞரான பெர்காமோ ஊர்ப் போனாகிராசியா இதற்கு ஓர் உவமை தந்தார்: குதிரை தான் தின்னும் ஓட்ஸ் தானியத்தின் உடைமையாளராக இல்லாமலே அதைத் தின்பது போல, துறவியும் உடைமையின்றி அப்பத்தையும் ஆடையையும் பயன்படுத்துகிறார் என்றார் அவர்.

திருத்தந்தை இருபத்திரண்டாம் ஜான் 1322இல் இந்த ஏற்பாட்டைக் கலைத்தார். பயன்படுத்தும்போதே தீர்ந்துபோகும் பொருள்களில் பயன்பாட்டையும் உடைமையையும் பிரிக்க இயலாது என்பது அவருடைய வாதம். ஒரு துறவி தின்கிற முட்டைக்கும் பாலாடைக்கட்டிக்கும் உடைமையாளராக ரோமாபுரித் திருச்சபை இருக்கிறதென்பது அறிவுக்குப் பொருந்தாது என அவர் கருதினார். இதை எதிர்த்துச் சபையினர் எழுதியவற்றுள் ஆழமானது, ஆக்கம் ஊர் வில்லியம் 1332 வாக்கில் எழுதிய ‘தொண்ணூறு நாள்களின் நூல்’ ஆகும்.

வில்லியம் செய்த ஒரு வேறுபாடு இக்கட்டுரைக்கு உயிரானது. உரிமை என்பது, ஒருவரது குற்றமோ தக்க காரணமோ இல்லாமல் அவருடைய விருப்பத்துக்கு மாறாகப் பறிக்கக்கூடாத ஒன்று. பறிக்கப்பட்டால் அவர் வழக்கு மன்றத்தில் முறையிடலாம். அனுமதி அத்தகையதன்று, கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம், பெற்றவருக்கு வழக்கிட வழியில்லை. பிரான்சிஸ்கன் துறவியிடம் இருப்பது இரண்டாவது மட்டுமே. அந்நிலையை அவர் தாமே விரும்பித் தேர்ந்தார் என்பதில்தான் அவருடைய வறுமையின் புனிதம் அடங்கியிருக்கிறது.

வேண்டிப் பெறும் துய்ப்பு

வில்லியம் வரைந்த அந்த அனுமதியின் இலக்கணம் இன்றைய ஸ்ட்ரீமிங் சந்தாவுக்கு அப்படியே பொருந்துகிறது. சந்தாதாரர் ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தங்கள் பொதுவாக அவருக்குத் தருவது வரம்புடைய, பிறருக்கு மாற்றித்தர இயலாத, திரும்பப் பெறத்தக்க ஓர் உரிமம். ஒரு படம் இந்த மாதம் பட்டியலில் இருக்கும். நிறுவனத்துக்கும் படத்தின் உரிமையாளருக்கும் இடையே உள்ள ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த மாதம் இராது. பழைய ரோமானியச் சட்டம் இத்தகைய துய்ப்பை நன்கு அறிந்திருந்தது. ஒருவர் வேண்டிக்கொண்டதன் பேரில் பொருளைப் பயன்படுத்த விட்டு, விரும்பும்போது மீட்டுக்கொள்ளும் அந்த முறைக்கு இலத்தீன் மொழியில் ‘பிரிகேரியம்’ என்று பெயர். அச்சொல் இறைஞ்சுதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. இறைஞ்சிப் பெற்றதை வைத்து உண்பவரின் நிலை எத்துணை உறுதியற்றது என்பது சொல்லிலேயே பதிந்திருக்கிறது.

விலை கொடுத்து வாங்கியதாகக் கருதப்பட்டவையும் இதற்கு விலக்கல்ல. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், விற்க உரிமையற்ற ஒருவர் தன் கடையில் ஏற்றியிருந்தார் என்னும் காரணத்தால், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரு நூல்களை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தபடியே அழித்தது. பணம் திருப்பித் தரப்பட்டது, நிறுவனத் தலைவர் பின்னர் மன்னிப்பும் கோரினார். ஆயினும் வாசகர் வீட்டு அலமாரியில் இருந்து அச்சுநூலை எடுத்துச் செல்ல எந்தக் கடைக்காரருக்கும் இயலாது என்னும் வேறுபாடு அன்று எல்லோர் கண்ணிலும் பட்டது. 2025 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியச் சட்டம் ஒன்று, திரும்பப் பெறத்தக்க உரிமத்தை மட்டுமே தருகிறவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லாமல் ‘வாங்குக’ என்னும் சொல்லை இணையக் கடைகளில் பயன்படுத்தக் கூடாது எனத் தடுக்கிறது. ஒரு சொல்லின் மெய்ம்மையைக் காக்கச் சட்டம் தேவைப்பட்டது என்பது, துய்ப்பு உடைமையாக வேடமிட்டு எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதற்குச் சான்று.

இங்கு ஒரு தவறான ஆறுதலை விலக்க வேண்டும். எதையும் சேர்த்து வைக்காமல், வேண்டியபோது மட்டும் பார்த்து விடுகிறவர் ஒரு வகைத் துறவியே என்று எண்ணத் தோன்றும். அலமாரி வெறுமையாக இருப்பதால் மனமும் வெறுமையாகிவிடுவதில்லை. பிரான்சிஸ்கன் துறவி உரிமையைத் தாமே விட்டவர். சந்தாதாரருக்கு உரிமை தரப்படவே இல்லை. கையில் இருந்ததை விடுவது துறவு. ஒருபோதும் கைக்கு வராததை இழப்பது வறுமை. அதற்கும் மாதந்தோறும் பணம் கட்டுவது புதுவகை வறுமை.

முட்டையா, ஆடையா?

இருபத்திரண்டாம் ஜானின் வாதத்தில் ஒரு கருவி ஒளிந்திருக்கிறது: பயன்படுத்தினால் தீரும் பொருளும் தீராத பொருளும் ஒன்றல்ல. தாமஸ் அக்வினாஸும் 13ஆம் நூற்றாண்டில் வட்டியைப் பற்றி எழுதும்போது, குடித்தால் தீர்ந்துபோகும் திராட்சை மதுவையும் குடியிருந்தாலும் நிலைத்திருக்கும் வீட்டையும் இவ்வாறே வேறுபடுத்தினார். வீட்டை விற்காமலே வாடகைக்கு விடலாம். மதுவை அவ்வாறு விட இயலாது.

சமணம் இதே வேறுபாட்டை இல்லறத்தாரின் ஒழுக்கத்துக்கு அடிப்படையாக்கியது. ஆசாரியர் சமந்தபத்திரர் வடமொழியில் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், சிராவகர் எனப்படும் சமண இல்லறத்தாருக்கான நூல். ‘அருங்கலச்செப்பு’ என்னும் தமிழ் நூல் அதன் வழிவந்தது, பெயரும் அதன் தமிழாக்கமே. ஒரு முறை துய்த்தபின் கழிக்கப்படுவது போகம், உணவு போல. மீண்டும் மீண்டும் துய்க்கப்படுவது உபபோகம், ஆடை போல என்று சமந்தபத்திரர் வரையறுக்கிறார்.

திரைப்படம் இவற்றுள் எது? பார்ப்பதால் ஒரு படம் தேய்வதில்லை. ஒருவர் பார்த்ததால் மற்றவருக்குக் குறைவதும் இல்லை. இயல்பால் அது உபபோகம், ஆடையினும் நீடித்தது. ஸ்ட்ரீமிங் அதைப் போகமாக மாற்றுகிறது; ஆடையின் தன்மை கொண்ட பொருளை முட்டையின் தன்மையோடு பரிமாறுகிறது. பொருளின் இயல்பில் இல்லாத அழிவு, விற்பனை முறையால் அதன்மேல் ஏற்றப்படுகிறது. நெட்பிளிக்ஸ் நிறுவனத்தின் வரலாறு இந்த மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும். 1997இல் தோன்றிய அது முதலில் குறுவட்டுகளை அஞ்சலில் வாடகைக்கு அனுப்பியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908இல் ஏற்றுப் பின்னர்ச் சட்டமாகவும் ஆன ‘முதல் விற்பனைக் கோட்பாட்டின்’படி, பதிப்புரிமையுள்ள படைப்பின் சட்டமுறையான படியை விலைக்கு வாங்கியவர் அந்தப் படியை விற்கவும் பிறருக்குத் தரவும் படைப்பின் உரிமையாளரைக் கேட்க வேண்டியதில்லை, ஆகவே தான் வாங்கிய வட்டின் மேல் அந்நிறுவனத்துக்கு முழு உரிமை இருந்தது. 2007இல் ஸ்ட்ரீமிங் தொடங்கிய பின் வட்டின் இடத்தில் உரிமம் வந்தது. 2023 செப்டம்பர் 29 அன்று கடைசி வட்டுகள் அஞ்சலில் சென்றன. கையில் பிடிக்கத்தக்க ஒன்று அன்றோடு அந்த வணிகத்திலிருந்து நீங்கியது.

அலை யாருடையது?

ஆன்டெனாவின் நிலை முற்றிலும் வேறு. காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவை இயற்கைச் சட்டத்தால் எல்லோருக்கும் பொது என்று பேரரசர் ஜஸ்டினியனின் சட்டத்தொகுப்பு கூறுகிறது. வானலையை அப்பட்டியலில் சேர்க்க அக்காலத்தார் அறியார். ஆனால் 1934ஆம் ஆண்டு அமெரிக்கத் தகவல்தொடர்புச் சட்டம் அதே மனப்பாங்கில் பேசுகிறது. ஒளிபரப்பு நிலையங்களுக்கு அலைவரிசையைப் பயன்படுத்த மட்டுமே, அதுவும் வரையறுத்த காலத்துக்கு, உரிமம் தரப்படும்; அலைவரிசையின் உடைமை யாருக்கும் தரப்படமாட்டாது என்பது அச்சட்டத்தின் பிரிவுகளுள் ஒன்று. மூன்றாம் நிக்கோலஸ் துறவியருக்காக வகுத்த பயன்பாடு–உடைமை வேறுபாடு இங்கு நிறுவனங்களின்மேல் வந்து நிற்கிறது: பெருநிலையங்கள் துறவியர்போல உடைமையற்ற பயன்பாட்டாளர்கள், மக்களே பொதுவின் உரிமையாளர்கள்.

2009 ஜூன் 12 அன்று அந்நாட்டின் முழுத்திறன் நிலையங்கள் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறின. ஒரு நிலையத்துக்குரிய 6 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் நொடிக்கு 19.39 மெகாபிட் தரவு செல்வதால், ஒரே நிலையம் உயர்தெளிவுப் படத்தோடு துணை அலைவரிசைகள் சிலவற்றையும் அனுப்ப முடிகிறது. சிறிய ஆன்டெனா ஒன்றை வாங்கிய வீட்டார் அதன்பின் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் எதைப் பார்க்கிறார் என்பதை அலை அறியாது, கோபுரமும் அறியாது. திருக்குறள் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் நல்லோரின் செல்வத்துக்கு உவமையாக்கும் ஊருணியைப் போன்றது இது: நீர் மொள்ள வருபவரின் பெயரைக் குளம் கேட்பதில்லை.

பொதுவைச் சுற்றி வேலி எழும்போது நீதிமன்றங்களும் தடுமாறியிருக்கின்றன. சமுதாய ஆன்டெனா நடத்துபவர் பார்வையாளரின் வாங்கும் ஆற்றலைப் பெருக்கித் தருகிறாரேயன்றிப் படத்தை நிகழ்த்திக் காட்டுவதில்லை என 1968இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அந்நிலையை மாற்றியது. ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு நுண்ணிய ஆன்டெனாவைத் தனியே ஒதுக்கி, அதில் வாங்கியதை இணையத்தில் அனுப்பிய ஏரியோ நிறுவனம் 2014இல் அதே நீதிமன்றத்தில் 6–3 என்னும் தீர்ப்பால் தோற்றது. ஒருவர் தம் கூரையில் செய்வது பொதுவில் நீர் மொள்ளல். அதையே பலருக்காக ஒருவர் கூலிக்குச் செய்தால் அது வேறொன்றாகிவிடுகிறது என்பது அத்தீர்ப்பின் சாரம். இப்போது பரவிவரும் அடுத்த தலைமுறை ஒளிபரப்பில் சில நிலையங்கள் தம் அலையைக் குறியாக்கம் செய்து, அதாவது உரிய திறவுகோல் உள்ள கருவியால் மட்டும் பிரித்தறியத்தக்கதாகப் பூட்டி அனுப்பத் தொடங்கியிருக்கின்றன. ஊருணியின் படிக்கட்டில் வைக்கப்படும் பூட்டு அது. அலையின் உடைமை எந்த நிலையத்துக்கும் தரப்படாது என்னும் 1934ஆம் ஆண்டு நெறியோடு அது எவ்வாறு பொருந்தும் என்பதை அந்நாட்டார் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் நிலையங்கள் அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டதால் கூரை ஆன்டெனா என்னும் வழி பெரிதும் அடைபட்டது. ஒரு முறை கருவிக்குச் செலவிட்டால் மாதக் கட்டணமின்றிக் காணத்தக்கதாக 2004 டிசம்பரில் தொடங்கப்பட்டு, இன்று டிடி ஃப்ரீ டிஷ் என்னும் பெயரில் வழங்கும் செயற்கைக்கோள் சேவையே இங்கு அந்தப் பொதுமையின் எச்சமாக நிற்கிறது.

சர்வரும் மூர்ச்சையும்

உடைமையின் வடிவமான வீட்டு சர்வருக்குச் சட்டத்தின் முதல் இசைவு 1984 சனவரி 17 அன்று கிடைத்தது. சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் பதிவுக் கருவி தொடர்பான வழக்கில், ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியை வீட்டில் பதிந்து வேறொரு நேரத்தில் பார்ப்பது நியாயமான பயன்பாடே என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5–4 என்னும் கணக்கில் தீர்ப்பளித்தது. நேரத்தின்மேல் வீட்டாருக்கு ஆட்சி உண்டு என்பதே அதன் உட்பொருள். இன்று அதே பணியை ஆன்டெனாவோடு இணைந்த சிறு கருவியும் பிளெக்ஸ், ஜெல்லிஃபின் போன்ற மென்பொருள்களும் செய்கின்றன. எம்பி என்னும் மென்பொருள் தன் மூலநிரலை, அதாவது நிரலாளர் எழுதிய அடிப்படை வரிகளை, 2018இல் பொதுப் பார்வையிலிருந்து மூடியபோது, அதுவரை திறந்திருந்த வடிவத்திலிருந்து கிளைத்து எழுந்ததே ஜெல்லிஃபின். யாரும் எடுத்துத் திருத்தத்தக்கதாக அதை வைத்திருப்பவர்கள் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள்.

சேமிப்பே பற்று அன்றோ என்னும் எதிர்வாதத்தை இங்கு நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். மிகுபொருள் விரும்பாமையைச் சமண இல்லறத்தாரின் ஐந்து அணுவிரதங்களுள் ஒன்றாக வைத்த மரபு, ஆயிரம் படங்களை அடுக்கிய சர்வரைக் கண்டு என்ன சொல்லும்? உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் உடைமையை வரையறுக்கும்போது பொருளைச் சுட்டவே இல்லை. மூர்ச்சையே பரிக்கிரகம் என்கிறது. பரிக்கிரகம் என்றால் பற்றிச் சேர்த்தல். மூர்ச்சை என்றால் தன்னிலை மறந்த மயக்கம், தமிழிலும் மயங்கி விழுதலுக்கு அதுவே சொல். ஆகவே பொருள் அலமாரியில் இருக்கிறதா நிறுவனத்தின் கணினியில் இருக்கிறதா என்பது தீர்மானிக்கும் செய்தியன்று. ஒரு பகுதி முடியும் முன்னரே அடுத்த பகுதி தானே ஓடத் தொடங்கும் திரையின்முன், எழும் எண்ணமும் இன்றி நள்ளிரவு வரை அமர்ந்திருப்பவர் எதையும் உடைமையாகக் கொள்ளாமலே மூர்ச்சையில் இருக்கிறார். பார்க்கவே போவதில்லை என அறிந்தும் எண்ணிக்கைக்காகவே படங்களைச் சேர்ப்பவரும் மூர்ச்சையில் இருக்கிறார். இருவருள் பின்னவருக்கு ஒரு நலம் உண்டு: தம் மயக்கத்தின் அளவு அவருக்குக் கண்ணெதிரே தெரிகிறது, அதைக் குறைக்கும் அதிகாரமும் அவர் கையில் இருக்கிறது.

சர்வருக்கு இன்னொரு விரதமும் காவலாக நிற்க வேண்டும், அது கள்ளாமை. விலை கொடாமல் இணையத்தில் திருட்டுத்தனமாக இறக்கிய படங்களால் நிரம்பிய சர்வர், எத்துணை அழகாக ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தாலும், பிறர் உழைப்பைக் கவர்ந்த குவியலே. தாமே வாங்கிய குறுவட்டின் பூட்டை உடைத்துப் படியெடுப்பதையும் 1998ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்று தடைசெய்கிறது. அத்தடை நியாயமா என விவாதிக்க இடமுண்டு, படைத்தவருக்குரிய பங்கை மறுப்பதில் விவாதத்துக்கு இடமில்லை. நிறுவனத்தின் பேராசையைக் காட்டித் தம் பேராசைக்கு இசைவு தேடுபவர் உடைமையின் அறத்தைப் பேசும் தகுதியை இழந்துவிடுகிறார்.

யார் வரையும் அளவு?

சமந்தபத்திரர் போகத்தையும் உபபோகத்தையும் வரையறுத்ததோடு நிற்கவில்லை. அவற்றுக்கு அளவு வகுத்தலை ஒரு விரதமாக்கினார். வாழ்நாள் முழுமைக்குமான விலக்கு யமம். குறித்த காலத்துக்கு மட்டுமான விலக்கு நியமம். நியமத்துக்கு உரியனவாக அவர் தரும் பட்டியலில் உணவு, ஊர்தி, படுக்கை, மலர், வெற்றிலை, அணிகலன் ஆகியவற்றோடு இசையும் பாட்டும் இடம்பெறுகின்றன. கால அளவாகப் பகல், இரவு, அரைத்திங்கள், திங்கள், இரு திங்கள் கொண்ட பருவம், அரையாண்டு என்பன கூறப்படுகின்றன. கேளிக்கைக்குக் காலக்கெடு வைப்பது இல்லறத்தாரின் அறம் எனப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அவர் கண்டிருக்கிறார்.

சந்தாவும் திங்களையே அளவாகக் கொள்கிறது. ஆனால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்வன. நியமம் குறித்த காலம் வந்ததும் தானே முடியும், மீண்டும் ஏற்க மனிதர் மனம் வைக்க வேண்டும். சந்தா தானே புதுப்பித்துக்கொள்ளும், நிறுத்தத்தான் மனிதர் மனம் வைக்க வேண்டும். முன்னது விழிப்பைத் தொடக்கத்திலும் முடிவிலும் கேட்கிறது. பின்னது மறதியால் வாழ்கிறது. கேபிளைத் துண்டித்த வீடுகளுள் சில, ஒரு மாதம் ஒரு சேவைக்கு மட்டும் பணம் செலுத்தி, பார்க்க விரும்பியதைப் பார்த்து முடித்து, அதை நிறுத்திவிட்டு அடுத்த மாதம் வேறொன்றை ஏற்கின்றன. சிக்கனத்துக்காகத் தொடங்கிய இப்பழக்கம், தேர்ந்து ஏற்று முடித்து விடும் அந்த ஒழுங்கால், நியமத்தின் வாசலில் வந்து நிற்கிறது.

ஹார்டு டிஸ்கும் அளவுகோலாக முடியும். ஆன்டெனா வழியே வரும் ஒளிபரப்பு முழு வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 8.7 ஜிகாபைட் இடம் கொள்ளும். 4 டெராபைட் வட்டில் சுமார் 450 மணி நேரம் அடங்கும். நாள்தோறும் ஒரு மணி நேரம் பார்க்கும் குடும்பத்துக்கு அது ஓராண்டுக்கு மேல் போதும். வட்டு நிறைந்தால் ஒன்றை அழித்தே மற்றொன்றைச் சேர்ப்பது என்று முடிவுசெய்த வீட்டில், எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பெற்றோரும் பிள்ளைகளும் கூடிப் பேச நேர்கிறது. எல்லையற்ற பட்டியலின்முன் ஒருபோதும் எழாத அந்த உரையாடலே விரதத்தின் தொடக்கம்.

முடிபு

உடைமை தன்னளவில் பற்றும் அன்று. உடைமையின்மை தன்னளவில் துறவும் அன்று. அளவை வரைவது யார் என்பதே உரைகல். நிறுவனம் வரைந்த அளவுக்குள் வாழ்பவர் ஆயிரம் படங்களுக்கு அனுமதி பெற்றிருந்தாலும் இரந்துண்பவர். தாமே அளவு வரைந்தவர் பத்துப் படங்களை வைத்திருந்தாலும் நிறைந்தவர். இந்த நோக்கில் ஆன்டெனா ஒரு வீட்டின் முதல் தேர்வாக இருக்கத் தக்கது, ஏனெனில் அது பொதுவை உயிரோடு வைத்திருக்கிறது. மீண்டும் மீண்டும் காணத்தக்கவை எனக் குடும்பம் தேர்ந்த சிலவற்றுக்கு நேரிய விலை கொடுத்து நிரப்பிய சிறு சர்வர் இரண்டாவதாக வரலாம். ஸ்ட்ரீமிங் சந்தா, முடிவு நாள் குறித்த நியமமாக மட்டும் மூன்றாவது இடம் பெறலாம்.

கேபிளை நிறுத்த எண்ணும் வீட்டார் மாதக் கட்டணத்தைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் அன்றே, தம் வீட்டுத் திரை எந்த நேரத்தில் அணைய வேண்டும் என்பதையும் தாமே எழுதி வைக்கட்டும். கம்பியைத் துண்டிப்பது ஒரு நாள் வேலை; அந்த அளவைக் காப்பது நாள்தோறும் செய்ய வேண்டிய அறம்.